ஜன்னல் வரைக்கும் போய் வரும் நேரம்

டீச்சருக்குக் கால் வலித்தால் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தலாம். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். குரலே போய்விட்டால் என்ன செய்வது? எனக்குப் போய்விட்டது. போன வருஷம் தசரா லீவு முடிந்து காலேஜ் திறந்த வாரம். வகுப்பில் நின்று வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. மறுபடி திறக்கிறேன். பழைய டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் பி.எட். காலேஜில் வேலை. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் டீச்சர் ஆக வேண்டும் என்று என்னிடம் வருவார்கள். அவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய செயலாய்வுக்கு நான்தான் வழிகாட்டி. செயலாய்வு என்றால் பயந்துவிடாதீர்கள். பயிற்சிக்குப் போகிற பள்ளிக்கூடத்தில் ஒரு சிக்கலைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதைத் தீர்க்க ஒரு வழி செய்து பார்க்க வேண்டும். முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு வைத்து, என்ன மாறியது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் ஜெராக்ஸ் கடை என்று ஒன்று இருக்கிறதே! போன வருஷத்து அக்கா எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி, பைண்டு பண்ணி, அட்டையில் தங்க எழுத்தும் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். புத்தூர் பள்ளியில் செய்த ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தில் திடீரென்று குப்பம் பள்ளி வந்து உட்கார்ந்திருக்கும். எந்த ஆய்வைத் திறந்தாலும் பின்தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் தேறியிருப்பார்கள். அத்தனையும் நிஜமாக இருந்தால் நம் ஜில்லாவில் தோற்கிற பிள்ளையே இருக்கக் கூடாது.

நானும் விடமாட்டேன். ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து, என்ன சிக்கல், என்ன வழி, எப்படி எழுதுவது என்று எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவேன். வாய் எனக்கு அதிகம். "மேடம் ஆரம்பிச்சா திருப்பதி பஸ்ஸு போயிடும்" என்று பிள்ளைகள் என் காதுபடவே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆலயத்தில் பாடகர் குழுவில் பெண்கள் வரிசைக்கு நான்தான் முதல் ஆள். என் பிழைப்பும் என் பக்தியும் இந்த ஒரு தொண்டையில்தான் இருந்தது.

மிளகு, பனங்கற்கண்டு, ஆவி எல்லாம் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் ஒரு கட்டி இருந்தது.

"எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும் அம்மா. அதுவரைக்கும் பேசக் கூடாது, எடுத்ததுக்கப்புறமும் நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. குசுகுசுன்னு பேசறது இன்னும் மோசம்" என்றார் டாக்டர்.

பழைய குரல் வருமா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தெலுங்கில், "சூத்தாம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அதைவிட மோசமான ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், மலையிலிருந்து மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிய குடும்பம் ஒன்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. நடுவில் லட்டுப் பைக்காகச் சண்டைகூடப் போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அழுவதற்குக்கூடச் சத்தம் வரவில்லை.

காலேஜில் என் வேலை நிரந்தரம் இல்லை, வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. கரஸ்பாண்டென்ட் சார் கெட்டவர் இல்லை. அவருக்கும் சங்கடம்தான். "மேடம், பேசாத லெக்சரரை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்ல முடியாத ஆளிடம் சொல்லச் சொன்னது பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டார். "வைவா வரைக்கும் பாப்போம். வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவாரு. அவரு கேக்கறதுக்கு வழிகாட்டி பதில் சொல்லித்தான் ஆகணும். அன்னிக்கு உங்களால பேச முடிஞ்சா, இருங்க."

முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் சபையில் ஜெபம் என்றால் சத்தமாகத்தான். போதகர் ஐயா வீட்டுக்கு வந்து ஜெபித்தார். சகோதரிகள் கூடி வந்து கண்ணீரோடு ஜெபித்தார்கள். நான் மட்டும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள்ளே எனக்கு ஆண்டவர் மேல் கோபம். உமக்குப் பாடின தொண்டைதானே இது? கட்டி வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா உமக்கு? அடுப்பில் சோறு கொதிக்கும்போது நின்று கேட்பேன்: என் குரலைத் திருப்பிக் கொடும், பழையபடியே கொடும். கேட்ட வேகத்திலேயே பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன். பயப்படாதே, எல்லாம் சரியாகும் என்பேன். அடுத்த நிமிஷமே, இல்லை, இது புற்றுநோய்தான், முடிந்தது கதை என்பேன். இரண்டும் என் வாய்தான். ஆண்டவருக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி டெஸ்டுக்குப் போனது. முடிவுக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தால் பயமே தின்றுவிடும் என்று, டாக்டர் அனுமதித்ததும் காலேஜுக்குப் போய்விட்டேன். செயலாய்வு வகுப்பு. பேச முடியாது. போர்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'வகுப்பில் நீ என்ன பார்த்தாய்?' எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜமுனா என்று ஒரு பெண். நகரிப் பக்கம் விவசாயக் குடும்பம், நல்ல துறுதுறுப்பு. நேராக வந்து தங்க எழுத்துப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். நான் அதைத் திறக்கவில்லை. அவளையே பார்த்தேன். அவள் நெளிந்தாள்.

"மேடம், இப்டி பாத்துக்கினே இருந்தீங்கன்னா எனக்கு அழுகை வந்துடும். திட்டிடுங்க மேடம்."

திட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? போர்டைக் காட்டினேன். அவள் திரும்பி நின்று அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு அவளே மெதுவாக ஆரம்பித்தாள்.

"நாகலாபுரம் பக்கத்துல நான் போற ஸ்கூல்ல, ஆறாவதுல சுகன்யான்னு ஒரு பொண்ணு மேடம். கிரவுண்டுல கத்திக்கினு ஓடும். கிளாஸுக்குள்ள வந்தா வாயே தெறக்காது. நான் கேள்வி கேக்கறேன், அது வாயெடுக்கறதுக்குள்ள நானே பதில சொல்லிட்றேன். நான் மட்டும் இல்ல, அங்க எல்லா டீச்சரும் அப்டித்தான். கேட்டுட்டு யாரும் நிக்கறதே இல்ல மேடம்."

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். எனக்குக் குரல் இருந்திருந்தால், அவள் பாதி சொல்லும்போதே குறுக்கே புகுந்து, இதற்கு இன்ன வழி என்று சொல்லி முடித்திருப்பேன். அவளுடைய சிக்கல் என்னுடையதாகியிருக்கும். அன்றைக்கு ஒரு தாளில் இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தேன்: 'நின்று பார்.'

அவள் செய்தது இவ்வளவுதான். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் மெதுவாக நடந்து போய்த் திரும்பி வருவாள். வந்து நின்ற பிறகுதான் அடுத்த வார்த்தை. முதல் நாள் பிள்ளைகள் பயந்துவிட்டார்களாம். "மிஸ், பதில் மறந்துட்டீங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டதாம். வகுப்பே சிரித்ததைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள். நாள் போகப் போகக் கை தூக்கும் பிள்ளைகள் கூடினார்கள். கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளைகூடப் பேசியது. சுகன்யா மட்டும் பேசவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன நான், ஒருநாள் அடுப்படியில் ஜெபிக்கும்போது சட்டென்று நிறுத்தினேன். கேட்டாயிற்று. இனி நான் பேசக் கூடாது. வாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது, உள்வாயையும் மூட வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை, சத்தம் எதுவும் கேட்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை நாளாக என்னை உலுக்கிக்கொண்டிருந்த பயம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் ஜெபித்தேன்.

டெஸ்ட் முடிவு வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். புற்றுநோய் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சில வாரம் கழித்து, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பாருங்கள் என்றார் டாக்டர். என் முதல் வார்த்தை 'ஸ்தோத்திரம்' என்று முன்பே தீர்மானித்து வைத்திருந்தேன். ஜலதோஷம் பிடித்த தவளை மாதிரி ஏதோ வந்தது. "பரவால்ல, தவளையாவது வந்துச்சே" என்றார் வீட்டுக்காரர். அந்தத் தவளையும் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. இதற்குள் வைவா நெருங்கிவிட்டது.

வைவாவுக்கு முந்தின வாரம் ஜமுனா வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மேடம், சுகன்யா ஒருத்திய மட்டும் பேசினான்னு போட்டுக்கட்டுமா? ஒரே ஒரு பொண்ணுதானே. அவ்ளோ பேர் பேசினதே பெரிசு. எக்ஸாமினர் அந்த ஒண்ணத்தான் புடிச்சிக்குவாரு."

அவள் சொன்னது சரிதான். அவர் பிடித்துக்கொண்டால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். என் வேலை அன்றைக்கு அந்தப் பதிலில் தொங்குகிறது. போட்டுக்கொள் என்று தலையாட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. தலை ஆட்டவும் மனசு வந்தது. ஆனால் எந்த முகத்தோடு மறுபடி அடுப்படி ஜன்னலில் போய் நிற்பேன்? 'நடந்ததை எழுது' என்று எழுதிக் காட்டி அனுப்பினேன்.

வைவா அன்று எக்ஸாமினர் மேஜைக்குப் பின்னால், பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் சார். ஜமுனா பயப்படாமல் எல்லாம் சொன்னாள். எக்ஸாமினர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"வழிகாட்டி மேடம் சொல்லட்டும். ஒரு பிள்ளை மாறவே இல்லைன்னு எழுதியிருக்காங்க. இதை எப்படி எடுத்துக்கறது?"

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். டயர் சத்தம். காலையில் வீட்டில் நன்றாகத்தான் பேசினேன். மறுபடி திறந்தேன், காற்று. கரஸ்பாண்டென்ட் சார் எனக்காக இரக்கப்பட்டு, "சார், மேடத்துக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தார்.

"சார், கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ஜமுனா. "அவங்க சொல்வாங்க."

சொல்லிவிட்டு, வைவா நடக்கிற அறையில், எக்ஸாமினர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்! மெதுவாக. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தரும் அசையவில்லை. எக்ஸாமினர் ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். ஆண்டவரே என்று ஒரே ஒரு வார்த்தை உள்ளே சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நின்றேன். அவள் ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும், சார்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். கரகரத்த, தடித்த குரல், பாதி ஆம்பளைக் குரல். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதற்கு மேல் அவர் கேட்ட கேள்விகளுக்கும் அதே குரலில் பதில் சொன்னேன். எக்ஸாமினர் புத்தகத்தை மூடி வைத்தார். "நானும் எத்தனையோ ஆய்வு பாத்துட்டேன் மேடம். தேறாத ஒரு பிள்ளைய இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தார். ஜமுனாவுக்கு நல்ல மதிப்பெண் போட்டார்.

வெளியே வரும்போது கரஸ்பாண்டென்ட் சார் என்னிடம், "இருங்க மேடம்" என்றார். எங்கே இருக்கச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்த முறை அழுகைக்குச் சத்தம் இருந்தது.

பிள்ளைகளை நடந்ததை எழுதச் சொல்கிற நான், என் பின்தேர்வையும் அப்படியே எழுத வேண்டும். நான் கேட்டது பழைய குரல். அது வரவில்லை. உச்சத்தில் பாட முடியாது. பாடகர் குழுவில் இப்போது ஆண்கள் வரிசையை ஒட்டி நிற்கிறேன், வீட்டுக்காரருக்கு அதில் தினமும் ஒரு கிண்டல். கொஞ்சம் பேசினால் களைத்துப்போகிறது, அதனால் வகுப்பில் குறைவாகப் பேசுகிறேன். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குத் திருப்பதி பஸ் தவறுவதில்லை. ஜெராக்ஸ் கடைப் புத்தகம் ஒன்றிரண்டு இன்னும் வரத்தான் வருகிறது. ஆனால் பயிற்சிப் பள்ளியில் தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். உயிரைக் கொடுத்தார், குரலைக் கொடுத்தார், வேலையைக் காத்தார். கேட்டபடி கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்தார். அவருக்கே மகிமை.

இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். பிள்ளைக்கு வரன், உடம்புக்குச் சுகம், வீட்டில் சமாதானம், எதுவாகவும் இருக்கட்டும். கேளுங்கள். கேட்டுவிட்டு, அவருக்குப் பதிலாக நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

சுகன்யா பேசினாளா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பயிற்சி முடிந்து ஜமுனா அந்தப் பள்ளியை விட்டு வந்துவிட்டாள். நான் தினமும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். நீங்களும் இன்றைக்கு ஒரு தடவை சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஜன்னல் வரைக்கும் போய் வாருங்கள்.