பஞ்சவர்ணத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக் கடை. அதன் இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில், பஞ்சவர்ணம் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளரின் தோளில் முந்தானையைப் போட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்துவாள். நிறம் எடுப்பாக இருக்கிறதா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சாவகாசமாக ஒரு கேள்வி கேட்பாள்.

"அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

பாதிப் பேர் தங்கள் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தயக்கம் தெரிந்தால் போதும், பஞ்சவர்ணம் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, ஈசூன் நீச்சல் குளம், முழுக்கை வைத்த உடை போடலாம், கணுக்கால் வரை மூடிக்கொள்ளலாம், யாரும் நம்மைப் பார்க்கமாட்டார்கள், எல்லாருக்கும் அவரவர் மூச்சே பெரும்பாடு என்று புடவை மடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள்.

முதலாளி நடேசன் ஆரம்பத்தில் கண்டித்துப் பார்த்தார். "வர்ணம், ஆளுங்க புடவை வாங்க வர்றாங்க. நீ அவங்கள தண்ணிக்குள்ள தள்ளப் பாக்குறே" என்றார். ஆனால் நீச்சலுக்குப் போன பெண்கள் தீபாவளிக்குக் கூட்டமாகச் சேர்ந்து அவர் கடைக்கே வந்தார்கள். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் காது கொடுப்பதில்லை.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது முப்பத்தொன்பது வயதில். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் குடும்பமாகப் போயிருந்தார்கள். மகள் ரோஷினிக்கு அப்போது பதினோரு வயது. பந்து ஒன்று தண்ணீரில் போக, அதன் பின்னால் போனவளுக்குச் சட்டென்று கால் நிலைக்கவில்லை. பஞ்சவர்ணம் இடுப்பளவு தண்ணீர் வரை ஓடினாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவளால் முடியவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் கோழி சுட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர், கையிலிருந்த இடுக்கியைக்கூடக் கீழே போடாமல் பாய்ந்து பிள்ளையைத் தூக்கி வந்தார். ரோஷினி இருமிவிட்டு, பந்து எங்கே என்று கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தாய்க்கு அன்றைக்கு நின்ற இடம் மறக்கவில்லை.

அடுத்த மாதமே பயிற்றுநர் நசீரிடம் போய்ச் சேர்ந்தாள். முகத்தைத் தண்ணீரில் வைக்க எட்டு வாரம் ஆயிற்று. ஒரு முழு நீளம் நீந்த ஒன்றரை வருஷம். அன்றைக்குக் கரையேறியபோது அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. தன் வயதில், தன் மாதிரியே, யாரும் 'இறங்கு' என்று சொல்லாமலே வளர்ந்த பெண்கள் இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்? சுற்றிலும் கடல், பேட்டைக்குப் பேட்டை குளம், இருந்தும் கரையில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். உயிர் இருக்கிற வரைக்கும் அவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். உயிர்காப்புச் சான்றிதழ் வாங்கினாள். நசீரின் பெயரில் வகுப்பு, அவள் அவருக்கு உதவியாள். குளத்தின் மறு கோடியில் அவர் சிறுவர்களைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருப்பார்.

இப்படி எட்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் அவளுக்கு ஐம்பது வயது நெருங்கியது.

ஐம்பதுக்குள் தனக்கென்று ஏதாவது ஒன்று செய்யவேண்டும் என்று ஆசை. செந்தோசாவில் செப்டம்பர் மாதம் ஒரு கடல் நீச்சல் போட்டி, ஒன்றரை கிலோமீட்டர். பெயர் கொடுத்துவிட்டாள். ரோஷினி கைப்பேசியில் ஒரு பயிற்சி அட்டவணை இறக்கித் தந்தாள். அதைப் பார்த்து, நாற்பத்தைந்து நிமிஷத்தில் முடிப்பது என்று பஞ்சவர்ணமே ஓர் இலக்கு வைத்துக்கொண்டாள். புதிதாகக் கைக்கடிகாரம் வாங்கினாள்.

அட்டவணைப்படி நீண்ட பயிற்சி ஞாயிற்றுக்கிழமை. வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை. எப்படியும் குளத்தில்தானே இருக்கிறோம் என்று அவள் கணக்குப் போட்டாள். ஒன்பது பெண்களுக்கும் மிதவைப் பலகையைக் கொடுத்து, "நீங்க இருபது தரம் காலடிச்சுக்கிட்டு இருங்க, நான் வந்துடுறேன்" என்பாள். பக்கத்துத் தடத்தில் இறங்கி நாலு நீளம் போவாள். வந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். "நல்லா பண்றீங்க, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி போவாள்.

ஒன்பது ஏழாயிற்று. ஜூலையில் ஐந்து. மழை, பேரப்பிள்ளை, முட்டிவலி என்று ஆளுக்கொரு காரணம். பஞ்சவர்ணம் நம்பினாள். அவள் நேரம் அறுபதிலிருந்து ஐம்பத்திரண்டாகக் குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றது பெரிதாகப் படவில்லை.

பாக்கியலட்சுமி வராமல் போனபோதுதான் உறுத்தியது. பள்ளிக்கூட கேண்டீனில் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தேழு வயது. ஐந்து மாதம் சுவரைப் பிடித்த கையை விடாதவர், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறாதவர். மூன்று ஞாயிறு சேர்ந்தாற்போல் காணவில்லை என்றதும், ஒரு மாலை அவர் அடுக்குமாடி புளோக் கீழே இருக்கிற காப்பிக் கடையில் பஞ்சவர்ணம் போய் உட்கார்ந்தாள். பாக்கியலட்சுமி இரண்டு தே ஹாலியா, இஞ்சித் தேநீர், வாங்கி வந்து வைத்தார்.

"முட்டி எப்படி இருக்குக்கா?"

"முட்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார் பாக்கியலட்சுமி. தேநீரைக் கொஞ்ச நேரம் ஆற்றினார். "நான் மிதந்தேன் வர்ணம். அன்னிக்கு. சுவரைப் பிடிக்காம, பலகை இல்லாம, மல்லாந்து. எட்டு செகண்ட். நம்ம வகுப்பு மோகனப்பிரியா பக்கத்துல நின்னு எண்ணுச்சு. எந்திரிச்சு உன்னத்தான் தேடினேன். நீ முகத்த தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டு அந்தக் கோடிக்குப் போய்க்கிட்டு இருந்தே."

பஞ்சவர்ணம் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கோபம்லாம் இல்ல லா. இந்த வயசுல சின்னப் பிள்ள மாதிரி அழுகை வந்துடுச்சு. அது எனக்கே வெட்கமா போச்சு. அதான் வரல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எட்டு வினாடி அவள் கூடவே வந்தது. யாரோ ஒருத்தி முதல் தடவையாக மிதக்கிற அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனையும் தொடங்கினாள். அது நடந்தபோது பத்து மீட்டர் தள்ளி இருந்துகொண்டே பார்க்கத் தவறியிருக்கிறாள்.

வீட்டில் கணவர் பரமசிவம் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. எதையும் நின்று நிதானித்துப் பார்க்கிற சுபாவம். பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "போட்டியிலேர்ந்து பேர எடுத்துடப் போறேன்" என்றாள்.

"எடுக்காதே" என்றார் அவர்.

"ஏன்?"

"எடுத்தா அடுத்த வருஷம் பூரா, அவங்களுக்காக நான் விட்டேன், இவங்களுக்காக நான் விட்டேன்னு எங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருப்பே. அதுக்கு நீ கடல்லயே இருக்கலாம்."

சோபாவில் படுத்திருந்த ரோஷினி தலையைத் தூக்கினாள். "அம்மா, ஃபார்ட்டி ஃபைவ் மினிட்ஸ் யாரு கேட்டா? ரேஸ்ல கட் ஆஃப் ஒன்றரை மணி நேரம். அந்த நம்பர் நீங்களா போட்டுக்கிட்டது."

பஞ்சவர்ணம் நெத்திலி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மகள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு அந்த ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது.

மறுநாள் நசீரைக் கூப்பிட்டுப் பேசினாள். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. "கடல் உங்களுக்கு, ஞாயிறு அவங்களுக்கு. ரெண்டையும் ஒரே குளத்துல கலக்காதீங்கக்கா" என்றார்.

கடையில் அவள் வேலை பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். செவ்வாயும் வெள்ளியும் காலையில் தனியாகப் போய் நீந்த ஆரம்பித்தாள். அட்டவணையில் பாதிதான் நடந்தது. நேரம் ஐம்பத்திரண்டிலிருந்து மறுபடி ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. முதல் இரண்டு வாரம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் கடிகாரத்தை ரோஷினியிடமே கொடுத்துவிட்டாள்.

வராமல் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு நடை போய் வந்தாள். காரணம் கேட்கவில்லை. "நான் சரியா கவனிக்கல, இனிமே கவனிப்பேன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேர் வரவில்லை. அவர்களில் ஒருவர் இந்தக் கதை எழுதுகிற வரையில் வரவில்லை. பாக்கியலட்சுமி அடுத்த ஞாயிறே வந்தார். மல்லாந்து படுத்தார். பஞ்சவர்ணம் நெஞ்சளவு தண்ணீரில் பக்கத்தில் நின்று, வாய்விட்டு எண்ணினாள். பதினாலு வரை போயிற்று.

செப்டம்பர் மாதம், போட்டி நாள். செந்தோசாவில் காலையிலேயே வெயில். கரையில் பரமசிவமும் ரோஷினியும் நின்றார்கள். அவர்களோடு வகுப்பிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். பாக்கியலட்சுமி ஒரு பெரிய டப்பா நிறைய கறிப்பஃப் கொண்டுவந்து, ஓட்டமும் நடையுமாக இருந்த தொண்டூழியர்களுக்குக்கூடக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஐந்நூறு மீட்டர் பழகிய மாதிரியே போயிற்று. இரண்டாவது மிதவையைத் தாண்டியதும் பஞ்சவர்ணம் கீழே பார்த்தாள். குளத்தில் தரையில் கறுப்புக் கோடு இருக்கும். இங்கே ஒன்றுமில்லை, பச்சை மட்டும். எங்கே போகிறோம் என்று தலையைத் தூக்கினாள். அலை முகத்தில் அறைந்தது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போக, மூச்சு முட்டியது. கை கால் தாறுமாறாக அடித்துக்கொண்டன. எட்டு வருஷமாகக் காணாமல் போயிருந்த பயம், விலாசம் தெரிந்த மாதிரி நேராக வந்து நின்றது.

புரண்டு மல்லாந்தாள். காதுக்குள் தண்ணீர் நிறைந்து சத்தம் அடங்கியது. மேலே வானம், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள். காயாக் படகில் வந்த ஓர் இளைஞன், "ஓகேவா ஆண்ட்டி?" என்றான். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். 'ஒரு மீட்டர் இருபது ஆழத்தில் பாக்கியம் அக்காவுக்கு இப்படித்தானே இருந்திருக்கும்' என்று தோன்றியது. நீந்தத் தெரிந்த பிறகு அந்தப் பயம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோன ஒன்றைத்தான் இத்தனை நாளாக வாயால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு சீரானதும் திரும்பி, நிதானமாகப் போனாள். ஒரு மணி நேரம் ஆறு நிமிஷம். கடைசியிலிருந்து மூன்றாவது. கரைக்கு இருபது மீட்டர் இருக்கும்போது யாரோ தண்ணீருக்குள் நிற்பது தெரிந்தது. பாக்கியலட்சுமி. கால்சட்டை நனைய, இடுப்பளவு ஆழத்தில், அவளுக்குரிய பதக்கத்தைத் தொண்டூழியரிடம் வாங்கிக்கொண்டு தானே வந்து நின்றிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கடலுக்குள் இறங்கியது அன்றைக்குத்தான்.

"ரொம்ப லேட்டு லா" என்றார் அவர். "பஃப்லாம் ஆறிப்போச்சு."

அதற்கப்புறம் வகுப்பு கொஞ்சம் மாறியது. புதிதாக வருகிறவரிடம் 'பயப்படாதீங்க' என்று பஞ்சவர்ணம் இப்போதெல்லாம் சொல்வதில்லை. "பயமா இருக்கும். எங்க இருக்குன்னு சொல்லுங்க, தொண்டையிலயா, வயித்துலயா?" என்று கேட்பாள். டிசம்பரில் மூன்று பேர் இருபத்தைந்து மீட்டர் நீந்தினார்கள். பாக்கியலட்சுமி பதினெட்டாவது மீட்டரில் தனக்குத்தானே சிரித்து, தண்ணீர் குடித்து, எழுந்து நின்றுவிட்டார். ஜனவரியில் சிரிக்காமல் முடித்தார்.

புது வருஷத்தில் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளாக வந்து நின்றவர் திருமதி லிம். அறுபத்தாறு வயது, வாரா வாரம் குளத்தோரம் நடைப்பயிற்சி செய்கிறவர். இவர்கள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுத் தானும் சேரவேண்டும் என்று சைகையால் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது, பஞ்சவர்ணத்துக்குச் சீனம் வராது.

ஐம்பதுக்கு அப்புறம் அவளுக்கு ஒரு புது இலக்கு கிடைத்துவிட்டது. ஜூன் மாதத்துக்குள் முப்பது சீனச் சொற்கள். தினமும் காலையில் புளோக் கீழே இருக்கிற பானக் கடைக்காரரிடம் ஒரு சொல் கற்றுக்கொள்கிறாள். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொல்லித் தருவார். அவள் அதைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, பட்டுப் புடவைகளை அடுக்கும்போது முணுமுணுப்பாள். நடேசன் கேட்டும் கேட்காத மாதிரி போய்விடுவார்.

'மூச்சை வெளியே விடு' என்பதுதான் முதலில் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் நின்று, திருமதி லிம்மின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவள் அதைக் கவனமாகச் சொன்னாள். திருமதி லிம் யோசித்தார். சிரித்தார். உச்சரிப்பை இரண்டு தடவை திருத்தினார். பஞ்சவர்ணம் சரியாகச் சொல்லும் வரை அவர் விடவில்லை. பிறகு திருமதி லிம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்தார்.