அப்பா பால்குடம் எடுத்த ரஷ்யப் பெண்

சறுக்குக் காலணியின் இரும்பு விளிம்பு பனித்தரையைக் கீறும் ‘சர்ர்க்’ என்ற ஓசை எங்கே காதில் விழுந்தாலும், வேர்த்துக் கொட்டும் ஒரு ஞாயிறு மத்தியானம்தான் எனக்கு ஞாபகம் வரும். சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் காற்றாடி முழு வேகத்தில் சுற்ற, கைலியும் பனியனுமாக அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சியில் ரஷ்யப் பெண்கள் பனிமேல் சுழன்றுகொண்டிருப்பார்கள். காப்புறுதி அலுவலக வேலைக்கும் டேங்க் ரோடு முருகனுக்கும் அப்பால் எதிலும் பெரிய ஆர்வம் இல்லாத மனிதர், பனியைக் குளிர்பெட்டிக்கு வெளியே பார்த்தே அறியாதவர், இந்தச் சறுக்கு நடனத்தில் எப்படிப் போய் மாட்டிக்கொண்டார் என்பது எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவருடைய ஆள் தோன்யா. அவளுக்கும் என் வயதுதான். பதின்மூன்று வயதில், இறுக்கிக் கட்டிய கொண்டையோடு அவள் இளையர் போட்டியில் ஜெயித்த அன்றிலிருந்து அப்பா அவளை விடவில்லை. ‘லட்ஸ்’ என்று ஒரு தாவல். அது மட்டும் அவளுக்கு அடிக்கடி சொதப்பும். விழுவாள், விழுந்த வேகத்திலேயே எழுந்து இசையைத் துரத்திப் பிடித்துவிடுவாள். நான் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டாலும் ‘இன்னைக்கு லட்ஸா?’ என்றுதான் அப்பா கேட்பார். ஆடி முடித்தவர்கள் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் இருக்கைக்கு அவர் வைத்த பெயர் ‘அழுகை பெஞ்சு’. தோன்யா அதில் வந்து உட்கார்ந்ததும் அப்பா கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிடுவார்.

பதினாறு வயதில் பயிற்சியின்போது விழுந்து அவளுக்கு முழங்கால் போயிற்று. அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு அவள் நிற்கும் படத்தை இணையத்தில் பார்த்த அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வரும் தைப்பூசத்துக்கு அவளுக்காகப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அம்மா கொதித்துப்போனார்.

“சொந்தப் பொண்ணுக்கு இந்த வருஷம் ஓ லெவல் பரீட்சை. இவரு ரஷ்யாக்காரிக்குப் பால்குடம் தூக்குறாராம்! கேட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?”

அம்மா கத்தித் தீர்த்துவிட்டார். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்று இருந்தது. தைப்பூசத்தன்று, சிராங்கூன் ரோட்டுக் கோயிலிலிருந்து வெறுங்காலோடு வந்துகொண்டிருந்த அப்பாவுக்காக டோபி காட் ரயில் நிலையத்தருகே ஒரு மரத்தடியில் தண்ணீர்ப் போத்தலோடு காத்திருந்தேன். மஞ்சள் வேட்டியும் தலையில் குடமுமாக வந்தார். கூடவே நடந்துகொண்டு கேட்டேவிட்டேன்.

“எனக்குன்னு நீங்க எதுவும் நேர்ந்துக்கவே இல்லையேப்பா?”

அப்பா சிரித்தார். “உனக்குத்தான் நான் இருக்கேன் லா. அந்தப் புள்ளைக்கு அங்க முருகன்கிட்ட சொல்ல யாரு இருக்கா?”

மறுநாள் அர்ச்சனைக்குப் போனபோது குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பிறந்த தேதியைத் தேடிப்பிடித்து அப்பா ஏற்கெனவே கணித்து வைத்திருந்தார். “தோன்யா, அனுஷம்” என்றார். குருக்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயர் கணீரென்று ஒலித்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் தோன்யா திரும்பி வந்தாள். தாவல்களைக் குறைத்துக்கொண்டு, ஒரு காலைப் பார்த்துப் பார்த்து வைத்து ஆடினாள். பட்டியலில் எங்கோ கடைசியில் வந்தாள். இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தபோது அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு அப்போது வாழ்க்கை இன்னும் தொடங்கவே இல்லை.

“பால்குடம் வேஸ்ட்டாப் போச்சேப்பா” என்றேன்.

“அவ ஜெயிக்கணும்னா நான் கேட்டேன்? வலி இல்லாம நடக்கணும்னு கேட்டேன். அவ நல்லா நடக்குறான்னு தெரிஞ்சா இன்னொரு குடம் எடுக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார் அப்பா.

அதன்பின் அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சறுக்கு நடனம் காட்டிவந்த அந்தத் தொலைக்காட்சி ஒளிவழியும் நின்றுபோயிற்று. அவ்வப்போது அவள் பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்வார், தேடுவேன், கிடைக்காது. இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவும் போய்விட்டார். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நுனி அமுங்கிப்போன சோபாவை, பார்க்கப் பொறுக்காமல் அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார்.

சென்ற டிசம்பரில் வேலைக்குப் போகும் ரயிலில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு காணொளி வந்தது. ஏதோ ஒரு ரஷ்ய ஊரில், சறுக்குத் தளத்தின் ஓரத்தில், சாதாரணக் காலணி போட்ட ஓர் இளம் ஆசிரியை ஒரு குட்டிப் பெண்ணைத் துரத்திக்கொண்டு படியேறி ஓடுகிறாள். அதே கொண்டை. கீழே அவள் பெயரும் இருந்தது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அப்பா, இங்க பாருங்க’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு நான் முதன்முதலாகப் பால்குடம் எடுத்தேன். டோபி காட் நிலையத்தைக் கடக்கும்போது அந்த மரத்தடியைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், பார்த்தேன். யார் யாரோ, யார் யாருக்காகவோ நின்றுகொண்டிருந்தார்கள்.

டேங்க் ரோடு கோயில் வாசலில் அம்மா காத்திருந்தார். என்ன நேர்த்தி என்று அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

“யாருக்குடி எடுத்த?”

“அப்பாவோட ரஷ்யாக்காரிக்கு.”

திட்டுவார் என்று பார்த்தேன். அம்மா குனிந்து என் காலில் தண்ணீரை ஊற்றினார். நிமிராமலேயே கேட்டார், “நல்லா நடக்குறாளாமா?”

“ஓடுறாம்மா.”