விலகிய காரணம்

"ஹலோ, நான் வாண்டா ப்ரூயிட். உங்க கடைய விட்டு என்னைத் துரத்தினீங்களே, ஞாபகமிருக்கா? எதுக்காகத் துரத்தினீங்க?"

வகுப்பு தொடங்குவதற்கு முன் கல்லூரி உணவகத்தில் உட்கார்ந்து, ஒரு வாரமாக வாண்டா இதே வேலையாக இருந்தாள். அமெரிக்காவின் டொலிடோ நகரில் மாலைநேரச் சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவள். நாற்பத்தேழு வயது. நெடிய உருவம். பேராசிரியரைக்கூட "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

வழக்கறிஞர் ஆகத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. நடத்தை விசாரணையும் உண்டு. பார்த்த வேலைகளையும் அவற்றை விட்ட காரணங்களையும் எழுதித் தர வேண்டும். நாங்கள் சில வரிகளில் முடித்துவிட்டோம். வாண்டாவுக்குக் கூடுதல் தாள்கள் தேவைப்பட்டன.

டோனட் கடைக்காரர் ஸ்டாவ்ரோஸின் குரல் அவள் போனிலிருந்து எங்கள் மேசை வரை கேட்டது. "வர்றவங்ககிட்ட எல்லாம் 'அது நேத்து போட்டது, வாங்காதீங்க'ன்னு சொன்னியேம்மா!"

"நேத்து போட்டதுதானே?"

"அது வேற விஷயம்!"

"சரி கண்ணு, அப்படியே எழுதிக்கிறேன்."

சிரித்தபடி எழுதினாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேனா நின்றது. முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணியின்போது அவள் கண்ணயர்ந்துவிட, ஆர்ச்சர் என்ற கிழவர் கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மறுநாளே வேலை போயிற்று.

"அந்த இல்லத்த இடிச்சுத் தள்ளியாச்சுடி," என்றாள் அன்று அவளைப் பார்க்க வந்திருந்த அவள் அக்கா ஆர்லீன். "கேக்க ஆளில்ல. இத எழுதி நாலு வருஷப் படிப்பக் கெடுத்துக்கப்போறியா?"

வாண்டா காபியை ஆறவிட்டாள். பிறகு எழுதினாள். அன்று அவள் யாரையும் கண்ணு என்று கூப்பிடவில்லை.

சில வாரங்களில் நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. எங்களில் வேறு யாருக்கும் வரவில்லை. அங்கே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். எதிரே இரண்டு வழக்கறிஞர்கள். மூத்தவர் அந்தத் தாளைத் தட்டிக் கேட்டாராம்: "அப்போ பகல்ல இன்னொரு வேலையும் பார்த்திருக்கீங்க. களைப்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே?"

"களைப்புதான் சார். ஆனா தூங்கினது நான். கை உடைஞ்சது அவருக்கு."

இருவரும் அதைக் குறித்துக்கொண்டார்களாம். "பொய் சொல்லியிருந்தாக்கூட அவ்வளவு வேர்த்திருக்காது," என்றாள்.

தகுதி உண்டு என்று கடிதம் வந்தபோது, ஆர்லீன் தெருவிலேயே கத்திவிட்டாள். தேர்விலும் வாண்டா தேறினாள்.

உறுதிமொழி எடுக்கும் நாளில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வலது கையை உயர்த்தச் சொன்னார் நீதிபதி. வாண்டா அதற்கு முன், புதுக் கோட்டின் கையை முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொண்டாள். டோனட் கடையில் கொதி எண்ணெய் தெறித்த பழைய தழும்புகளோடு அந்தக் கை எல்லோருக்கும் மேலே உயர்ந்தது.