நிரப்பக் கூடாத கட்டம்

நல்லசிவத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை டில்லி சர்க்கார் பார்த்திருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இவருக்கு மெமோ, ஆடிட், டைரக்டரின் செருமல் எல்லாமே பேய்தான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக ஒரே பஸ், ஒரே நாற்காலி. பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனுஷருக்குச் சோறு இறங்காது; எதையாவது எழுதி நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

2003-ல் அந்தப் பழக்கமே அவர் காலை வாரியது. ஆபீஸ் லினக்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்று வெளியே இன்டர்நெட்டுக்கு, மற்றது உள்ளே இருக்கிற அறைகளுக்கு. அதைக் கவனித்துக்கொண்டவள் இந்துஜா, மயூர் விஹார் பெண், கான்ட்ராக்ட் இன்ஜினியர். ஒரு சாயங்காலம் அவள் கிளம்பிய பிறகு, கார்டுகளின் நம்பர்களை ரிஜிஸ்டரில் ஏற்றுவதற்காக நல்லசிவம் செட்டிங்கைத் திறந்தார். உள்கார்டுக்கு ‘கேட்வே’, அதாவது வெளியே போக எது வழி என்று கேட்கும் கட்டம், காலி. அடடா, பெண் மறந்துவிட்டாளே! ஒரு நம்பரை அடித்து, சேவ் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் புது செட்டிங்கோடு எழுந்தது, இன்டர்நெட் எழவில்லை. பார்லிமெண்ட் கேள்விக்கான பதில் பதினொரு மணிக்குள் மெயிலில் போயாக வேண்டும். மணி பத்தே கால்.

"இந்த மாசம்தான் அங்கிள் என் கான்ட்ராக்ட் ரின்யூவல்," என்றாள் இந்துஜா. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள், பிங் அடித்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். உள் அறைகள் எல்லாம் பதில் சொல்லின. வெளியிலிருந்து ஒன்றும் இல்லை. வாசலில் டைரக்டர், "ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்திக் கத்தினார். இன்டர்நெட் லைன் கம்பெனிக்குப் போன் செய்ய அவள் அடுத்த அறைக்கு ஓடினாள்.

நல்லசிவம் தனியே உட்கார்ந்து, முன்பு அவள் சொல்லிக்கொடுத்தபடி, எது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க ‘route’ என்று அடித்தார். வெளியே போக வேண்டியதை எல்லாம் உள்கார்டுக்கு அனுப்பு என்றது ஒரு வரி. வழி சொன்னது அவர் போட்ட அதே நம்பர். இந்துஜா மறக்கவில்லை; அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறாள். விசாரணை, சஸ்பென்ஷன், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் எல்லாம் கண் முன்னால் வந்தன. அவசரமாக நம்பரை அழித்து, நெட்வொர்க்கை மறுபடி கிளப்பினார். பத்து ஐம்பதுக்கு மெயில் போய்விட்டது.

"ஷாபாஷ்!" என்று தோளில் தட்டினார் டைரக்டர். என்ன கோளாறு என்று ஹிந்தியில் கேட்டார். கேட்வே தப்பாக இருந்தது என்றார் நல்லசிவம். யார் போட்டது?

செட்டிங் எல்லாம் இந்துஜா மேடம்தான் பார்க்கிறார்கள், சார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாவி மனுஷன்!

மூன்று மணிக்கு இந்துஜா பையை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ரின்யூவல் கிடையாதாம், அங்கிள். அந்த நம்பரை நானே எப்பவோ போட்டிருக்கேன் போல. ஞாபகமே இல்ல. நீங்க இல்லேன்னா இன்னிக்கு ஆன்ஸரே போயிருக்காது. ரொம்ப தேங்க்ஸ்."

நல்லசிவம் வாயைத் திறந்தார்.

"பாத்துப் போம்மா," என்றார்.