வயிற்றுக்குப் பயந்த பிள்ளையோடு ஜவ்வாது மலைக்கு

எனக்கும் என் எட்டு வயது மகள் நிலாவுக்கும் எச்.ஐ.வி. உண்டு. நிலா அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. வெட்கத்தால் மாற்றவில்லை, அவள் பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் மாற்றினேன். எங்களைப் போன்ற பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியூர் போகவே தயங்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

போன ஆண்டு அவளுக்கு ஆறு வாரம் வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. உணவுக்குழாயில் பூஞ்சைத் தொற்று வேறு. எச்சில் விழுங்கவும் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். மாத்திரையை வாந்தி எடுத்துவிடுவதால் ரத்தத்தில் கிருமியின் அளவு மேலும் ஏறியது. எடை பதினான்கு கிலோவுக்கு இறங்கியது. மருத்துவர் தொற்றுக்குச் சிகிச்சை கொடுத்து, எச்.ஐ.வி. மருந்தையும் மாற்றினார். மெல்ல மெல்லத் தேறினாள். டிசம்பரில் எடை இருபதைத் தொட்டதும், "எங்க போலாம்?" என்று கேட்டேன். "அருவிக்கு" என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாணியம்பாடியில் பஸ் ஏறினோம். முக்கால் மணி நேரத்தில் திருப்பத்தூர். அங்கிருந்து ஏழேகாலுக்கு, ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பஸ். எனக்கு நாற்பது ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். அவசரமென்றால் சட்டென்று இறங்கத் தோதாக, கதவுக்குப் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். பையில் இரண்டு செட் மாற்றுத்துணி, உப்புக்கரைசல் பாக்கெட், கொதித்து ஆறிய தண்ணீர். எட்டு மணிக்கு இருவரும் பஸ்ஸிலேயே மாத்திரை போட்டுக்கொண்டோம்.

மலைப்பாதையில் நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். நிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஒரு மாதிரி இருக்குதும்மா."

போன வருடம் பள்ளி வேனில் துணி நனைந்து, அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டை விட்டே வராமல் இருந்தவள் அவள். எழுந்து டிரைவரிடம் ஓடினேன்.

"இன்னாம்மா, கொழந்தைக்கு முடியலையா? தோ, டீக்கடையாண்ட நிறுத்துறேன். நிதானமா போய்ட்டு வாங்க" என்றார் அவர்.

கடைக்கார அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வூட்டுக்குப் பின்னாடி பாத்ரூம் கீதுங்க, இட்டுனு போங்க" என்று கையைக் காட்டினார். பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நிலா உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டாள். முகத்தில் குழப்பம்.

"ஒண்ணும் வரலம்மா. வயிறு காலியா இருக்கற மாதிரி இருக்குது. உள்ள இழுக்குது."

கொஞ்ச நேரம் எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது.

"அடி, அது பசிடி!"

ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வாயும் கெஞ்சி ஊட்டிய பிள்ளைக்குத் தன் பசியே அடையாளம் தெரியவில்லை. கடையில் சிரித்துக்கொண்டே அழுதேன். அக்கா சூடாக இரண்டு இட்லி கட்டிக் கொடுத்தார். அடுத்த வளைவுக்குள் அவை காணாமல் போயின.

ஒன்பதரைக்கு ஜமுனாமரத்தூர். மதியம் அங்கே ஒரு மெஸ்ஸில் சாமைச் சோறும் பருப்பும் சாப்பிட்டாள். கழுத்தைப் பிடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று அவளே கேட்டாள்! பிறகு ஆட்டோவில் பீமன் அருவி. படிகளில் எனக்கு முன்னால் ஓடினாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

போகிறவர்களுக்கு: முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள், மலையில் எந்த மருந்துக்கடையையும் நம்பாதீர்கள். அருவித் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். சூடான சாப்பாடு மட்டும். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ, விழுங்க வலித்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ பயணத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் தாமதித்துத்தான் அவ்வளவு பட்டோம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நிறுத்துவார்கள்.

இத்தனை நாள் வயிறுதான் எங்களுக்கு வழி சொன்னது: இங்கே போகாதே, அதைத் தொடாதே என்று. அன்று மாலை திரும்பும் பஸ்ஸில் நிலா ஜன்னலோரம் கேட்டு வாங்கினாள். கதவுப் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது.