தெருக்குத்து மனை

எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் நெல் வயல்களை மனை போட்டு விற்றவர்களுக்குப் பக்கத்து வயல் என்று ஒன்று இருப்பதே தெரியாது போலும். ஆளுக்கொரு வரைபடம், ஆளுக்கொரு தெரு. ஒருவர் போட்ட தெரு இன்னொருவர் தெருவோடு சேராது. போய்ச் சுவரில் முட்டி நிற்கும். ஸ்டேஷனில் ரயில் ஊதுவது எங்கள் அடுக்களையில் கேட்கும், ஆனால் போய்ச் சேர ஊரையே சுற்றிக்கொண்டு அரை மணி நடக்க வேண்டும். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களைக் காப்பாற்றியது தெருக்கோடியில் விற்காமல் கிடந்த ஒரு மனை. தெரு நேராக வந்து குத்துகிற இடம், குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்று யாரும் வாங்கவில்லை. அதன் குறுக்கே நடந்தால் அடுத்த தெரு, அங்கிருந்து பத்தே நிமிடத்தில் ஸ்டேஷன். எட்டேகாலுக்கு பீச் ஸ்டேஷன் போகும் வண்டியைப் பிடித்தால்தான் ஆபீஸில் தாமதக் குறி விழாது. மூன்று குறி விழுந்தால் ஒரு நாள் லீவு போச்சு.

பக்கத்து வீட்டு மெக்கானிக் ஒரு நாள் வெள்ளைத் தாளோடு வந்தார். "சார், அந்த எடத்த வழியா வுடச் சொல்லி பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடறோம்."

"தெருக்குத்து மனையை எவன் வாங்குவான்? வேற வேலை இல்லையா?" என்று அனுப்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறு வருஷம் ஒரு கிறிஸ்தவ வாத்தியார் அதை வாங்கினார். அவருக்கு இந்தக் குத்து, ஆகாது என்ற பேச்செல்லாம் கிடையாது. நான்கு பக்கமும் சுற்றுச்சுவர் எழுந்தது. அந்த மாதமே எனக்கு மூன்று குறி.

தெருக்காரர்கள் கூடி என்னைத்தான் பேச அனுப்பினார்கள். ஓரமாக மூன்றடி விடும்படி கேட்டேன். அவர் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"வீட்டு வேலையே பாதி முடிஞ்சிடுச்சு சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி பஞ்சாயத்து ஆபீஸ்ல விசாரிச்சேன். வழி கேட்டு யாருமே எழுதிக் கொடுக்கலைன்னாங்க. ஒரு மனு இருந்திருந்தா நான் வேற இடம் பார்த்திருப்பேன்."

வெளியே மெக்கானிக்கும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். "இன்னா சார் சொன்னாரு?"

"ஓரடிகூட விட மாட்டேன்னுட்டார்" என்றேன்.

அன்று முதல் அவரைத் திட்டாத வீடு எங்கள் தெருவில் இல்லை. எல்லாரையும்விட அதிகமாகத் திட்டியவன் நான்தான்.