வீட்டு எண்ணைத் தேதியாக்கிய கதை

தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூருக்குப் போய், கணினியிடம் கேள்வி கேட்பது என் வேலை. அதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. இலக்கணப் பிழை விட்டால் உடனே திட்டும். அர்த்தப் பிழை விட்டால் வாயே திறக்காது.

ஒரு கல்லூரிக்கு ஆய்வக உதவியாளர் எடுக்கும் வேலை எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வந்தது. விண்ணப்பப் பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது, பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொரு பத்தியிலும் இருப்பது எழுத்தா, எண்ணா, தேதியா என்று வகை சொல்ல வேண்டும். "அதுவே கண்டுபுடிச்சிக்கும் மச்சான், நீ ஏன் மெனக்கெடுற?" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். நானும் மெனக்கெடவில்லை. சோம்பேறித்தனத்துக்கு எங்கள் தொழிலில் 'தானியங்கி' என்று மரியாதையான பெயர் உண்டு.

நம் ஊர் வீடுகளுக்கு இரண்டு எண்கள். புதியது நான்கு, பழையது பதினொன்று என்றால் 4/11 என்று எழுதுவோம். மகா புத்திசாலியான மென்பொருள் அதை நவம்பர் நான்கு என்று முடிவு கட்டியது. நேர்காணல் கடிதங்கள் முகவரியில் அந்தத் தேதிகளோடே போயின. ஆளைத் தெரிந்த தபால்காரர்கள் புண்ணியத்தில் பல கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்த சிலவற்றை மேசைக்கடியில் போட்டோம். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தானியங்கி எதுவும் இல்லை.

நவம்பர் நான்காம் தேதி காலை, சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையிலிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கஞ்சி போட்ட புடவை, கையில் சான்றிதழ் கோப்பு.

"இன்டர்வியூக்கு வந்திருக்கேன் சார்."

நேர்காணல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. விண்ணப்பம் கிடைத்ததாக நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியைக் காட்டினார். அவர் பெயருக்குக் கீழே, 'நவம்பர் 4, கீழத்தெரு, கிள்ளை'.

"லெட்டர் வரல. தேதிதான் போட்டிருக்கீங்களேன்னு வந்துட்டேன். அடுத்த மாசத்தோட எனக்கு வேலைக்கான வயசு முடியுது சார், இதான் கடைசி."

அப்போதுதான் அந்தப் பத்தியின் வகை என்ன என்று கணினியைக் கேட்டேன். தேதி என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. முதல் நாள் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருக்கும். கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் எனக்குத்தான் கேட்க நேரமில்லை. மூலப் பட்டியலை மறுபடி ஏற்றி, 'எழுத்து' என்று வகை மாற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. கல்லூரிக்குப் போன் போட்டால், ஆள் எடுத்தாயிற்று என்றார்கள்.

"சிஸ்டத்துல ஒரு சின்ன தப்பு" என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. "இல்லக்கா, தப்பு என்னோடது" என்று முழுவதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சான்றிதழ் கோப்பை மூடிவிட்டு, "இத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார்" என்றார். "தேதிகூட பாக்கத் தெரியாதவளான்னு வீட்ல கேப்பாங்க."